ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம்

1

ரூபாய்க்கு இனிமேல் நூறு காசு வரப்போகிறதாம். அணாவெல்லாம் போய்விடும் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது அதைப் படித்துக் காட்டி, வீட்டாருக்குக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். நாலணாவுக்கு இருபத்தைந்து காசு, சரி. ஓரணாவுக்கு ஆறேகால் வருகிறது. அந்தக் கால் காசை யார் விழுங்குவது என்பதுதான் என் கேள்வி. முப்பது வருஷமாகக் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்குச் சோற்றைவிட இந்தக் கால் காசில்தான் ருசி அதிகம்.

மகள் கோமதி ரசத்துக்குச் சோற்றில் குழி பண்ணிக்கொண்டே சொன்னாள்: "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், கேட்டோ. அப்பாக்குக் கணக்கு தெத்தாது. ஒரே ஒரு தடவதான் தெத்திச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். 'தெத்து' என்றால் இந்த ஊரில் தப்பு. என் மனைவி சிவகாமி கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது.

கோமதி வருகிற திங்கட்கிழமை கல்லாறு மலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரம்மாவாகப் போகிறாள். அங்கேயே தங்க வேண்டும். அவள் பஸ் ஏறுவதற்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல வாய் வராததால் முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

2

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனவன் பரதேசம் போனதாகக் கதை விடுகிறான் என்று அங்கே சிரிப்பீர்கள். சிரியுங்கள். நாங்கள் வந்த காலத்தில் இது வேறு ராஜ்யம். சாவடியில் மூட்டையை அவிழ்த்து உப்பு இருக்கிறதா, புகையிலை இருக்கிறதா என்று துழாவினார்கள். சிவகாமி வீட்டில் கட்டிக்கொடுத்த வடகத்தைக்கூட ஒருவன் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விட்டான். தபாலும் இங்கே தனி, அதற்குப் பேர் அஞ்சல். காசும் தனி.

காசு என்றால் சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம், இந்த ஊர் ரூபாய். ஆனால் நீங்கள் அப்போது புழங்கிய பிரிட்டிஷ் ரூபாயைக் கொண்டுவந்தால் சர்க்கார் கணக்கில் இருபத்தெட்டரைச் சக்கரம். உங்கள் ரூபாய்க்கு அரைச் சக்கரம் மவுசு கூட. அந்த அரைச் சக்கரத்தில்தான் என் கதை இருக்கிறது.

நான் கணக்கெழுதுவது ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில். முதலாளி நாஞ்சில் நாட்டுக்காரர். அந்தத் தெருவில் பாதிக் கடைகள் நம் ஆட்களுடையவை. அங்கே ஒரு வழக்கம். யார் பிரிட்டிஷ் ரூபாயை நீட்டினாலும் இருபத்தெட்டுச் சக்கரம்தான் கொடுப்பார்கள். மீதி அரை, தெருவுக்குப் பொதுவான மகமைப் பெட்டியில் விழும். பிள்ளையாருக்கு எண்ணெயும், வண்டியோடு வருகிறவர்களுக்குக் கஞ்சியும் அந்தப் பெட்டியிலிருந்து நடந்தன. யாரும் தகராறு செய்ததில்லை. எங்கள் சம்பளமும் அப்படித்தான். முப்பது ரூபாய் என்று பேசினால் இருநூற்றுப்பத்துப் பணம் கைக்கு வரும். நாளடைவில் ஆரியசாலைக்காரன் விரலுக்கு ரூபாய் என்றால் ஏழு பணம் என்று பதிந்துவிட்டது. ஏழு ஏழாக அடுக்கிப் பழகிய கை.

வரி கட்டவோ கஜானாவுக்குப் போகவோ நேர்ந்தால் மட்டும் இருபத்தெட்டரை என்று கவனமாக எண்ணுவோம். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றோடொன்று முட்டாமல் எழுதுவதில் எனக்கு ஒரு பேர் உண்டு. 'பிள்ளைவாள் பேரேட்டில் ஒரு காசு இடறாது' என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பேர்தான் பின்னால் எனக்கு வினையாக வந்தது.

3

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் கோமதி பெட்டி அடுக்குகிறாள். மலையில் குளிராம், கம்பளி வேண்டுமாம். தாயும் மகளும் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். சிவகாமி கேட்பது தமிழ். மகள் சொல்லும் பதில் பாதி மலையாளம். எனக்குக் காது அங்கேயே இருக்கிறது.

நாங்கள் வந்தபோது அவளுக்கு நாலு வயது. ஒன்றாம் வகுப்பில் தமிழில்தான் பேசிக்கொண்டு போனாள். மூன்றாம் வகுப்பில் 'மதி' என்று சொல்லிச் சோற்றுத்தட்டைத் தள்ளினாள். போதும் என்று சொல்லடி என்று அதட்டினேன். 'அதுதான சொன்னேன்' என்றாள். அவள் மாமாவுக்கு, அதாவது பாளையங்கோட்டையில் இருக்கும் சிவகாமியின் அண்ணனுக்கு, எழுதுகிற கடிதமெல்லாம் சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்பி வரும். மனிதர் வாத்தியார் வேலை பார்க்கவில்லை, புகையிலைக் கடை வைத்திருக்கிறார். ஆனாலும் திருத்துவார். ஒருமுறை அடியில் எழுதியிருந்தார்: 'பிள்ளை கை நழுவுகிறது. இன்னும் ரெண்டு வருஷம் போனால் நம் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் அவளால் குடித்தனம் நடத்த முடியாது.'

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. கோமதி பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது கல்லிடைக்குறிச்சியில் ஒரு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். தை மாதம் முடித்துவிடலாம் என்றார். எனக்கும் அதில் விருப்பம்தான். இதை ஒளிக்க மாட்டேன். மகள் நம் மண்ணில் போய் விழுந்தால், நானும் என்றைக்காவது பின்னால் போய்விடலாம் என்று ஒரு நப்பாசை.

குறுக்கே நின்றது சிவகாமி. நான் எதிர்பார்க்கவில்லை.

"அவ பரீட்ச எழுதட்டும். ஒரு காகிதம் கையில இருந்தா நாளைக்கு எவன் முன்னாலயும் கைய நீட்டாண்டாம்."

"ஒங்க அண்ணன் கோவிச்சுக்கிடுவாரு."

"அண்ணன நான் பாத்துக்கிடுதேன். நீங்க காசக் கெட்டுங்க."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பரீட்சை எழுதினால் கல்யாணப் பேச்சு ஒத்திவைப்பு. எழுத முடியாமல் போனால் தையில் முகூர்த்தம். நான் இன்றைக்குக் கட்டுகிறேன், நாளைக்குக் கட்டுகிறேன் என்று இழுத்ததில், பள்ளிக்கூடத்தில் பணம் வாங்கும் நாள் தாண்டிவிட்டது. தலைமை ஆசிரியை கோமதியைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் கஜானாவில் நேராகக் கட்டிச் சீட்டைக் கொண்டுவந்தால் பெயரைச் சேர்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். இல்லாவிட்டால் அடுத்த வருஷம். எங்கள் வீட்டில் அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்பது கோமதிக்குத் தெரியும்.

4

அது திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான புதிது. அரசாங்கக் கட்டணமெல்லாம் இந்திய ரூபாயில் என்று ஆகியிருந்தது. சக்கரமாகக் கொடுத்தாலும் வாங்குவார்கள், அதே இருபத்தெட்டரை வீதத்தில். பரீட்சைக் கட்டணம் பத்து ரூபாய்.

வெள்ளிக்கிழமை காலை சம்பளப் பணத்தைத் தரையில் கொட்டி எண்ணினேன். வெள்ளிப் பணத்தை ஏழு ஏழாக அடுக்கினேன். பத்து அடுக்கு. துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். எதிரில் கோமதி கால்மாற்றி நின்றுகொண்டிருந்தாள். எண்ணும்போது எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கல்லிடைக்குறிச்சி மாப்பிள்ளைக்குச் சைக்கிள் உண்டா என்று யோசித்ததாகத்தான் ஞாபகம்.

சாலைக் கடைத்தெருவைக் கடந்து, பழவங்காடி தாண்டி மேட்டில் ஏறுகிறவரை அவள் எனக்கு நாலடி முன்னால் போனாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கஜானாவில் வரிசை வாசல்வரை நின்றது. எங்கள் முறை வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை தாண்டிவிட்டது.

கம்பிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவுக்கு என்னைத் தெரியும். கடை வரி கட்ட எத்தனையோ முறை போயிருக்கிறேன். விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இது போரா. அஞ்சு சக்ரம் குறவா."

"பத்து ரூபாய் சரியா இருக்கே."

"ரூபாய்க்கு இருபத்தெட்டர. பத்து ரூபாய்க்கு இருநூத்தி எண்பத்தஞ்சு." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நிங்ஙள்க்கும் கணக்கு தெற்றுமோ, பிள்ளே?"

எனக்கும் கணக்குத் தப்புமா என்று கேட்கிறார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். மடியைத் தடவினேன். சட்டைப்பையைத் தடவினேன். வெற்றிலைதான் இருந்தது. ஆரியசாலைக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. ரெண்டடித்தால் கம்பிக்கதவை இழுத்துவிடுவார்கள்.

வரிசையில் எங்கள் தெரு அரிசி மண்டிக்காரர் நின்றிருந்தார். கையில் கனத்த பை. கேட்டேன். முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளைவாள், இன்னைக்கு வெள்ளிக்கெழம. கைமாத்துக் குடுக்க மாட்டோம்னு ஒமக்குத் தெரியாதா? லச்சுமிய வெளிய விடப்படாதுல்லா."

சர்க்காருக்குக் கட்டினால் மட்டும் லட்சுமிக்குக் கோபம் வராது போலிருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் எனக்கும் உள்ளதுதான். அன்று காலையில்கூட ஒரு சுமைக்காரனை அதே காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தேன். தலையை ஆட்டினேன். பையை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "செரி, விதி அப்படி இருக்கு. வாட்டி, போவோம்" என்றேன்.

கோமதி நகரவில்லை. என்னையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அப்பா, வேணும்னே கொறச்சு எடுத்தீங்களா?"

"ஏட்டி, என்ன பேச்சுப் பேசுத!"

கை ஓங்கிவிட்டேன். அத்தனை பேருக்கு நடுவில். அவள் என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

5

வாசலில் ஒரு மரம். அடியில் விழிஞ்ஞத்து மீன்காரி ஒருத்தி, விற்றுத் தீர்த்த கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு சுத்த சைவம். மீன் சந்தைப் பக்கம் போக நேர்ந்தால் கோமதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவள் நேராக அந்த அம்மாளின் முன்னால் போய் நின்றாள். நான் பத்தடி தள்ளி நின்றுவிட்டேன்.

"எந்தரு கொச்சே, கரையணது?" ஏன் பிள்ளே அழுகிறாய் என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"அஞ்சு சக்ரம் வேணம், அம்மா. பரீட்சைக்குக் கெட்டான். ரண்டு மணிக்கு அடைக்கும். வீடு ஆரியசாலயிலா. திருச்சு தராம்." பரீட்சைக்குக் கட்ட வேண்டும், திருப்பித் தந்துவிடுகிறேன் என்கிறாள்.

"ஆரியசாலயிலோ?" அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள். "பாண்டியாணோ?"

நம்மை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சிலர் ஊரைச் சொல்வதாகச் சொல்வார்கள், சிலர் ஏசுவதாகச் சொல்வார்கள். கோமதி ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அச்சன் பாண்டியா. ஞான் இவிடத்தவளா."

அப்பா பாண்டிக்காரர், நான் இந்த ஊர்க்காரி. அவ்வளவுதான் சொன்னாள். ஐந்து சக்கரத்துக்காகச் சொன்னாள் என்று அன்றைக்கு என்னைத் தேற்றிக்கொண்டேன். அவள் சொன்ன விதத்தில் அப்படி எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பேரைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அந்த அம்மாள் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு பணமும் ஒரு சக்கரமும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். நாலும் ஒன்றும் ஐந்து. சக்கரத்தில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. கோமதி அதைத் துடைக்கக்கூட இல்லை. உள்ளே ஓடினாள். நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும்போது குமாஸ்தா சீட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் ரெண்டுக்கு ஏழு நிமிஷம் இருந்தது.

சீட்டை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். கூட வரட்டுமா என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி போனாள். மீன்காரிக்குப் பணத்தை மறுவாரமே தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் வாங்கிக் கொடுத்தாள்.

6

அவள் தேறினாள். கல்லிடைக்குறிச்சிப் பையன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மாமா ஒரு வருஷம் கடிதம் போடவில்லை. சக்கரமும் பணமும் புழக்கத்திலிருந்து போய், எல்லோரும் அணாக் கணக்குக்கு வந்துவிட்டோம். மகமைப் பெட்டிக்கு அரைச் சக்கரம் போடுகிற வழக்கமும் அதோடு நின்றது.

நான் வேண்டுமென்று குறைக்கவில்லை. பிள்ளையார்மேல் ஆணை. அது ஏழு ஏழாக அடுக்கிப் பழகிய கை செய்த வேலை. ஆனால் யார் நம்புவார்கள்? வேறு எவனாவது தவறியிருந்தால் தவறு என்று விட்டிருப்பார்கள். பேரேட்டில் ஒரு காசு இடறாத பிள்ளைவாளுக்கு, மகள் பரீட்சைக்குப் பணம் கட்டுகிற அன்றைக்கு மட்டும் ஐந்து சக்கரம் இடறுமா? சிவகாமிகூட, "நீங்க சொன்னா செரி" என்றுதான் சொன்னாள். அந்தச் 'செரி'யில் எவ்வளவு கழிவு போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

கோமதி அதற்கப்புறம் கேட்கவே இல்லை. மரியாதைக்கு ஒரு குறைவும் வைக்கவில்லை. காப்பி கொண்டுவந்து தருவாள், காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பாள். ஆனால் பணம் எண்ண வேண்டியிருந்தால் தானே எண்ணிக்கொள்வாள். ஆறு வருஷமாக அப்படி.

இந்த மாதம் முதல் தேதியில் எல்லை மாறியது உங்களுக்குத் தெரியும். நாகர்கோவிலும் செங்கோட்டையும் உங்கள் பக்கம் வந்துவிட்டன. மாமா எழுதியிருக்கிறார்: 'இனி அங்கே என்ன இருக்கிறது? மூட்டையைக் கட்டும்.' கோமதியின் வேலைக்கு, இந்த ஊர்க்காரிதான் என்று ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. ஏழெட்டு நாள் அலைந்து, மூன்று மேஜை தாண்டி, அவளே வாங்கி வந்தாள். எனக்கு அப்படி ஒன்று கேட்டால் கொடுப்பார்களா தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மூட்டையை எந்தப் பக்கத்துக்குக் கட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனதில் இன்னொன்று கிடக்கிறது. கை செய்ததற்கு ஆணையிடலாம். அதற்கு அப்புறம் நடந்ததற்கு ஆணையிட முடியாது.

7

இனி எழுதுவது அவளை அனுப்பிவிட்டு வந்த பிறகு. திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். சிவகாமி வீட்டு வாசலிலேயே அழுது முடித்துவிட்டாள். பஸ் வரவில்லை. கோமதி பெட்டியின்மேல் உட்கார்ந்து கைக்குட்டையில் முடிந்த காசை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோமு."

"என்னப்பா?"

"அன்னைக்கு எண்ணினது தெத்துதான். வேணும்னு செய்யல."

அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. "செரிப்பா."

அம்மாவின் அதே 'செரி'. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"இரு. அது மட்டும் இல்ல. கொறவுன்னு அந்த ஆள் சொன்னாம்லா, அப்போ எனக்குச் சந்தோசமா இருந்துது. அம்மாட்டச் சொன்ன வாக்கும் கெடல, நீயும் ஊருக்குப் போயிருவன்னு. அதுனாலதான் மண்டிக்காரர் இல்லன்னதும் உடனே பையக் கெட்டிட்டேன். வேற யார்ட்டயும் கேக்கல. கேட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டேன். அவள் கைக்குட்டையை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அறியாம்பா," என்றாள். தெரியும் என்று அர்த்தம். "ஒங்க மொகத்தப் பாத்தேன் அல்லே? அதக் கண்டுட்டுத்தான அப்படிக் கேட்டேன். ஒங்க கை தெத்தினது எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தச் சந்தோசத்தப் பத்தி அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லவே இல்லியே, அதுதான்."

ஆறு வருஷம். நான் கணக்கு எந்த இடத்தில் தவறியது என்றே தெரியாமல் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பஸ் இன்னும் வரவில்லை. அவள் தெருக்கோடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னைக்கு எப்படிப்பா இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். சந்தோஷமாகப் போய் வா என்று சொல்வதற்கு என்ன செலவு? வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"இன்னைக்கும் இந்த பஸ் வராம இருந்தா நல்லா இருக்கும்னுதான் இருக்கு."

கோமதி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கைக்குட்டையை மறுபடி அவிழ்த்து, காசு முழுவதையும் என் கையில் கொட்டினாள்.

"டிக்கட்டுக்கு எண்ணிக் குடுங்கப்பா."

எண்ணினேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணினேன். அப்போது பஸ் வந்துவிட்டது.